சென்னை வீட்டில் நாட்டுக்கோழி: முதலில் கூடு, பிறகுதான் கோழி

கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கோழியை வாங்கி வந்த பிறகுதான் கூட்டுக்குப் பலகை தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வேளச்சேரி வீட்டின் பின்புறம் ஒரு மரப்பெட்டியைத் தரையோடு வைத்து ஆறு கோழிகளை அடைத்தேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் பெட்டியின் அடிப்பலகை ஊறிப்போயிருந்தது. இரண்டு கோழிகள் சளி முற்றி, வாயைத் திறந்து மூச்சிழுத்துச் செத்தன. அந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் பேசிவிடுங்கள். மாநகராட்சி வார்டு அலுவலகத்திலும் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சேவல் வேண்டாம். விடிவதற்கு முன்பே கூவித் தெருவை எழுப்பிவிடும். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்.

படி 1: கூடு

நான்கு கோழிகளுக்கு 4 அடி நீளம், 3 அடி அகலம் போதும். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால்கள் வைத்துக் கட்டுங்கள். மழைநீர் தேங்கினாலும் கூடு நனையாது. பெருச்சாளியால் குடைந்து நுழைய முடியாது. அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலையை நம்பாதீர்கள், கீரியும் நாயும் அதைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டிங் வலையை வாங்குங்கள்.

நம் ஊரில் பெருமழை வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே வடக்கையும் கிழக்கையும் பலகையால் அடைத்துவிட்டு, தெற்கே வலை வையுங்கள். தகரக் கூரை போட்டால் அதன்மேல் தென்னங்கீற்று வேய்வது கட்டாயம். இல்லாவிட்டால் கத்திரி வெயிலில் கோழி உள்ளேயே வெந்துவிடும். உள்ளே ஏறி உட்கார ஒரு கட்டை, முட்டையிட இருட்டான மூலையில் வைக்கோல் போட்ட கூடை.

அடியில் மூன்று அங்குலத்துக்கு நெல் உமியோ தேங்காய் நார்க்கழிவோ பரப்புங்கள். தினமும் கிளறிவிட்டு, ஒரு கைப்பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, உடனே மாற்ற வேண்டும். உதிர்ந்தால் நல்லது. மழைக்காலம் முழுக்க இந்த ஒரு சோதனையை நான் விட்டதில்லை.

படி 2: கோழி

தெருவில் சாயம் பூசி விற்கும் கலர் குஞ்சுகளைக் குழந்தைகள் கேட்டாலும் வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் முட்டைப் பண்ணைகளுக்குத் தேவைப்படாத சேவல் குஞ்சுகள். தாய்ச்சூடு இல்லாமல் சில நாள்களில் செத்துப்போவதைப் பார்க்க மனம் தாங்காது. மூன்று, நான்கு மாத விடைக்கோழிகளே புதியவர்களுக்கு ஏற்றவை. குறைந்த இடத்துக்குச் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழி இனம் பொருந்தும். ஆண்டுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 முட்டைகள் இடும்; நடுவே அடைக்கு உட்கார்ந்துவிடும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் கோழி கிடைக்கும். கண் தெளிவாக, மூக்கில் நீர் வடியாமல், பின்புறம் எச்சம் ஒட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால், புதியதை இரண்டு வாரம் தனியே வையுங்கள்.

படி 3: தீனி

வளர்ந்த கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம். கம்பு, உடைத்த சோளம், குருணை, முருங்கைக்கீரை எல்லாம் கொடுக்கலாம். கூடவே கடைத் தீவனமும் பாதியளவு இருக்கட்டும். முட்டையின் ஓடு மெலிந்தால் கிளிஞ்சலை இடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பூசணம் பிடித்த தானியத்தில் நஞ்சு இருக்கும், கழுவிக் காயவைத்தும் பயனில்லை. மே மாதத்தில் தண்ணீரை நிழலில் வைத்து மூன்று வேளையும் மாற்றுங்கள்.

படி 4: நோய்

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் வந்தால் கூடே காலியாகிவிடும். வந்த பிறகு மருந்து இல்லை. குஞ்சுக்கு 7-ஆம் நாள் சொட்டு மருந்தும், 8-ஆம் வாரம் தடுப்பூசியும் போட வேண்டும். விற்பவரிடம் இதைக் கேட்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். கோழி கழுத்தைத் திருகிக்கொண்டாலோ, பச்சையாகக் கழிந்தாலோ அதைப் பிரித்துவைத்துவிட்டு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் பறவைகளுக்குச் சிகிச்சை உண்டு.

பேன் அண்டாமலிருக்க, பழைய டப் ஒன்றில் காய்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்து வையுங்கள். கோழிகள் தாமாகவே அதில் புரண்டு குளிக்கும்.

ஆறாம் மாதம் நெருங்கும்போது கொண்டை சிவக்கும், கோழி மூலைமூலையாகக் கொக்கரித்துக்கொண்டு இடம் தேடும். அன்று அந்த வைக்கோல் கூடையைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.