ஸ்க்ரூ தலையில் மெல்லிய கோடு இருக்கிறதா?

மரத்தில் ஸ்க்ரூ ஏற்றும் முன் தலையைப் பாருங்கள். பிளஸ் குறியின் இடைவெளிகளில் நான்கு மெல்லிய கோடுகள் இருந்தால் அது போசிடிரைவ் என்ற தனி வகை ஸ்க்ரூ. வழக்கமான ஸ்டார் பிட்டான பிஎச்2-வை (பிலிப்ஸ்) விட்டுவிட்டு, போசிடிரைவுக்கான பிட்டான பிஇசட்2 போடுங்கள். 3.5 முதல் 5 மி.மீ. வரை தடிமனுள்ள ஸ்க்ரூவுக்கு இதுவே சரி. பிஎச் பிட்டின் இறக்கைகள் சரிவாக இருப்பதால், இறுகும்போது மேலே ஏறி வழுக்கி ஸ்க்ரூ தலையையே தின்றுவிடும். பிஇசட் பிட்டின் பக்கங்கள் ஏறக்குறைய நேர், பிடி விடாது.

ஜிப்சம் போர்டுக்கான கறுப்பு ஸ்க்ரூவுக்கு இது பொருந்தாது, அதற்கு பிஎச்2தான். அப்புறம், உவரி, கூடங்குளம் பக்கம் வெளிக்கதவு வேலைக்கு அந்தக் கறுப்பு ஸ்க்ரூவே வேண்டாம். உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்; விலை கூடினாலும் எஸ்எஸ் 316 (துருவை நன்கு தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள்.