பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கின் இன்ஜினைச் சரிசெய்த என் அனுபவம்

பல ஆண்டுகளாக ஆசையோடு பராமரித்துவரும் என் பழைய டூ ஸ்ட்ரோக் பைக், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்ட பிறகும் அடங்காமல் இரைந்துகொண்டே இருந்தது. கார்புரேட்டரை இருமுறை சுத்தம் செய்தும் பயனில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, காப்பி நிறத்தில் இருக்க வேண்டிய அதன் முனை சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. பெட்ரோலுடன் தேவைக்கு மேல் காற்று கலக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

இன்ஜினின் ஒரு பக்கத்தில் மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டைக் கழற்றியதும் காரணம் புலப்பட்டது. கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையமான ஆயில் சீலின் ரப்பர் விளிம்பு இறுகிப்போய், நகத்தால் அழுத்தியதும் உதிர்ந்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் கலவை, அந்தத் தண்டு சுழலும் அறையான கிராங்க்கேஸ் வழியாகவே சிலிண்டருக்குச் செல்வதால், அங்கே சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறி ஜாம் ஆகிவிடக்கூடும். கிளட்ச் பக்கத்துச் சீல் நன்றாகவே தெரிந்தாலும், அது கெட்டால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெண்புகை வரும் என்பதால் அதையும் சேர்த்தே மாற்றினேன். இந்தச் செலவில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

சிலிண்டரில் கீறல்கள் இருந்ததால் அதன் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தும் போரிங் செய்து, அதற்கேற்ப 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் பொருத்தினேன். தீப்பொறிக்கான மின்சுற்றைத் திறந்து மூடும் தேய்ந்த பாயின்ட்டுக்குப் பதிலாக, அதை மின்னணு முறையில் செய்யும் சிடிஐ இக்னிஷன் வைத்தது மட்டுமே நான் செய்த மேம்பாடு. இப்போது முதல் கிக்கிலேயே ஸ்டார்ட் ஆகி, ஐடிலிங்கில் சீராக நிற்கிறது.