கலிஃபோர்னியாவில் வீட்டிலிருந்தே வக்கீலுக்குப் படிக்க

பகலில் ஆஸ்பத்திரி லேபில் வேலை, சாயங்காலம் இரண்டு பிள்ளைகளின் ஹோம்வொர்க். இதற்கு நடுவில் நான்கு வருடம் ஆன்லைனில் சட்டம் படித்தேன். அமெரிக்காவில் நடுவயதில் இந்த ஆசை வந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

கல்லூரியைத் தேடுமுன், எந்த மாநிலத்தில் தொழில் செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அமெரிக்கன் பார் அசோசியேஷன் என்ற வக்கீல்கள் சங்கம் அங்கீகரித்த கல்லூரியில் படித்தால்தான், வக்கீல் லைசென்ஸுக்கான பார் எக்ஸாம் எழுத விடுவார்கள். கலிஃபோர்னியா அப்படி இல்லை. அந்த அங்கீகாரம் இல்லாமல், ஸ்டேட் பாரில் (மாநில வக்கீல் தொழிலைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு மட்டும் ஆகியிருக்கும் ஆன்லைன் கல்லூரியில் படித்தாலும் இங்கே எழுதலாம். குடியேற்றச் சட்டம் மத்திய அரசின் சட்டம் என்பதால், இங்கே லைசென்ஸ் வாங்கியவர் வேறு மாநிலத்தில் இருந்தும் அந்த வழக்குகளை எடுக்கலாம். என்னை இழுத்தது அதுதான். ஊருக்குத் திரும்பிக் கறுப்புக் கோட்டு போடும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்த வழி வேண்டாம். ஆன்லைன் சட்டப் படிப்பை இந்திய பார் கவுன்சில் ஏற்பதில்லை.

ஜே.டி. (அமெரிக்கச் சட்டப் பட்டம்) என்ற எழுத்தைப் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். 'எக்ஸிக்யூட்டிவ் ஜே.டி.' என்று ஒன்று உண்டு; அதை முடித்தால் பார் எக்ஸாம் எழுத முடியாது. நான் முதலில் போன் செய்த இடத்தில் அரை மணி நேரம் தேனாகப் பேசினார்கள். "இதைப் படித்தால் நான் வக்கீலாக முடியுமா?" என்று நேராகக் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. நீங்களும் அப்படியே கேளுங்கள், பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். அங்கீகாரமில்லாத கல்லூரி, தன் மாணவர்களின் தேர்ச்சி விவரத்தை எழுத்தில் கொடுத்து உங்கள் கையெழுத்தை வாங்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளை வரி வரியாகப் படியுங்கள்.

வருடத்துக்கு 864 மணி நேரம் படித்ததாகக் கணக்கு வேண்டும். 48 வாரத்துக்கு வகுத்தால் வாரம் 18 மணி. நான் விடிகாலை நாலரைக்கு எழுந்து, நேரத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன்.

பலர் கழன்றுபோவது முதல் வருட முடிவில், இந்த வழியில் படிப்பவர்கள் எழுத வேண்டிய 'பேபி பார்' தேர்வில். பாடங்கள் கான்ட்ராக்ட்ஸ், டார்ட்ஸ் (பிறருக்குச் செய்த தீங்குக்கு நஷ்டஈடு), கிரிமினல் லா. நான்கு கட்டுரை, 100 அப்ஜெக்டிவ் கேள்விகள். 800-க்கு 560 வேண்டும். தகுதி வந்த பிறகு நடக்கும் முதல் மூன்று தேர்வுகளுக்குள் தேறாவிட்டால், முதல் வருடத்துக்குப் பின் படித்தது கணக்கில் சேராது.

முதல் தடவை நான் தோற்றேன். காரணம் எழுதிய விதம். ஒரு பயிற்சிக் கேள்வியைப் பாருங்கள்: காரை விற்கிறேன் என்று ஒருவர் கடிதம் போடுகிறார். மற்றவர் புதன் காலை சம்மதக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறார். அன்று மாலை, "விற்கவில்லை" என்ற கடிதம் அவர் கைக்கு வருகிறது. ஒப்பந்தம் உண்டா? நான் யார் பக்கம் நியாயம் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். திருத்துபவர் தேடுவது விதியை: சம்மதம் தபாலில் சேர்த்தவுடன் செல்லும், வாபஸ் கைக்குக் கிடைத்தால்தான் செல்லும். எனவே புதன் காலையே ஒப்பந்தம் ஆகிவிட்டது. பிரச்சினை, விதி, பொருத்தம், முடிவு என்ற இந்த வரிசையில் தினம் ஒரு கட்டுரை, கடிகாரம் வைத்து எழுதினேன். அடுத்த தடவை தேறினேன்.

கல்லூரியே இல்லாமல், ஒரு வக்கீலின் அலுவலகத்தில் வாரம் 18 மணி வீதம் நான்கு வருடம் படிக்கும் வழியும் இங்கே உண்டு. டிவி பிரபலம் கிம் கர்தாஷியன் போன வழி. பேபி பாரை அவர் நாலாவது தடவையில்தான், 2021-இல், தாண்டினார். சொல்லிக்கொடுக்க இசையும் வக்கீல் கிடைப்பதுதான் கஷ்டம்.

படிப்பு தொடங்கி 90 நாளுக்குள் ஸ்டேட் பாரில் மாணவராகப் பதிவு செய்துவிடுங்கள். லைசென்ஸுக்கு முன் உங்கள் நடத்தையைச் சரிபார்க்கும் நன்னடத்தை விண்ணப்பத்துக்கு முடிவு வர ஆறு மாதமாவது ஆகும், அதனால் கடைசி வருடத் தொடக்கத்திலேயே கொடுங்கள். பழைய முகவரி, பழைய வேலை எல்லாம் கேட்பார்கள். நான் ஒரு முகவரிக்காகப் பெட்டியிலிருந்த பழைய வாடகை ரசீதுகளை இரண்டு நாள் துழாவினேன்.