சொந்தமாக போக்கர் சிப் வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர்கள் வட்டத்துக்கென்று தனியாக ஒரு போக்கர் சிப் (போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வட்டக் காசு) தொகுப்பு செய்துகொள்ளும் ஆசை வந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது, கணினியைத் திறந்து ஒரு வட்டம் வரைவதுதான். வட்டத்துக்குள் ஒரு லோகோ, அதைச் சுற்றி வளைந்தோடும் எழுத்து, நடுவில் ஓர் எண். திரை முழுக்க விரித்துப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். பெட்டி வந்து சேர்ந்து, முதல் ஆட்டத்திலேயே "அது நூறா, ஐநூறா?" என்று ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கும்போதுதான் கோளாறு எங்கே என்று தெரியும். ஆட்டத்தில் யாரும் சிப்பின் முகத்தை அப்படி உற்றுப் பார்ப்பதில்லை. அடுக்கி வைத்த சிப்புகளின் விளிம்பைத்தான் பார்க்கிறார்கள்; அதுவும் மேசையின் மறுகோடியிலிருந்து, விளக்கு மங்கலாக எரியும் அறையில். வடிவமைப்பில் நேரும் தவறுகள் பலவும் இதை மறப்பதால் வருபவை.

விளிம்பைக் கடைசியில் யோசிப்பது

கேசினோ சிப்பின் விட்டம் சுமார் 39 மில்லிமீட்டர், தடிமன் 3.3 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தப் பட்டைதான் ஆட்டம் முழுக்கக் கண்ணில் படும் பகுதி. அமெரிக்காவின் நெவாடா மாநிலச் சூதாட்ட விதிகளில் இதற்கென்றே ஒரு நிபந்தனை உண்டு. வெவ்வேறு மதிப்புள்ள சிப்புகளை ஒரே அடுக்கில் கலந்து வைத்து, கறுப்பு வெள்ளைக் கண்காணிப்புத் திரையில் பார்த்தாலும் எது எந்த மதிப்பு என்று பிரித்தறிய முடிய வேண்டும். கேசினோ சிப்பின் விளிம்பில் வண்ணக் கட்டங்கள் இருப்பது வெறும் அலங்காரத்துக்காக அல்ல என்பது இதிலிருந்தே விளங்கும்.

வீட்டுத் தொகுப்புகளில் பெரும்பாலும் எல்லா மதிப்புக்கும் ஒரே விளிம்பு அமைப்பை வைத்துவிட்டு நிறத்தை மட்டும் மாற்றுகிறார்கள். திரையில் அது ஒழுங்காகத் தெரியும்; மேசையில் குழப்பும். கட்டங்களின் எண்ணிக்கையும் அகலமும் மதிப்புக்கு மதிப்பு மாற வேண்டும். மிகக் குறைந்த மதிப்புக்கு ஒரே நிறத்தில் மூன்று நான்கு கட்டங்கள் போதும். மேலே போகப் போக அகலமான கட்டங்கள், இரண்டு நிறக் கட்டங்கள், நெருக்கமான அமைப்புகள் என்று வளர்க்கலாம். ஆர்வத்தோடு முதலில் வரைவது 25 என்பதால் நகாசு வேலை எல்லாம் அதற்கே போய்ச் சேர்கிறது. கடைசியில் அலுப்போடு வரைந்த 5000 மொட்டையாக நிற்கிறது. வரிசையைத் தலைகீழாக்கி, உயர்ந்த மதிப்பிலிருந்து தொடங்கினாலே இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

சோதிப்பதற்கு எளிய வழி நெவாடா விதியிலேயே இருக்கிறது. எல்லா மதிப்புகளின் விளிம்பையும் பட்டைகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு பட்டைகள் ஒன்றாகத் தெரிந்தால் அவற்றில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் வாங்கப்போகும் வகையில் விளிம்பை மாற்ற முடியுமா? உலோக வில்லை வைத்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் சிப்புகளில் விளிம்பு வார்ப்பிலேயே வந்துவிடும். நீங்கள் மாற்றக்கூடியது நடுவில் ஒட்டும் ஸ்டிக்கரை மட்டுமே. அங்கே வடிவமைப்பு என்பதே, எந்த நிறத்தில் எந்த விளிம்பு என்று சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான். செராமிக் சிப்புகளில் முகம், விளிம்பு இரண்டிலும் அச்சிடலாம். ஆனால் முகத்தில் இருக்கும் கட்டமும் விளிம்பில் இருக்கும் கட்டமும் மயிரிழை பிசகாமல் சேரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சற்று விலகினாலும் உறுத்தாத அமைப்பாக வரையுங்கள்.

நிறத்தை அழகுக்காகத் தேர்வது

கரும்பச்சை, கருநீலம், ஊதா, கறுப்பு நான்கும் ஒரு தொகுப்பில் கம்பீரமாகத்தான் இருக்கும். விளக்கைக் கொஞ்சம் குறைத்தால் நான்கும் ஒரே சிப். மஞ்சள் ஒளி விளக்கின் கீழே வெள்ளையும் வெளிர்மஞ்சளும் ஒன்றாகிவிடும்; சிவப்பும் ஆரஞ்சும் சண்டை போடும். போதாக்குறைக்கு, ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டைக் காண்பதில் ஏதோ ஓர் அளவு குறை உண்டு. மற்ற இடங்களிலும் இது அபூர்வம் அல்ல. பத்துப் பேர் மேசையில் அப்படி ஒருவர் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். நிறம் மாறும்போது வெளிர்மையும் அடர்த்தியும் கூடவே மாறினால் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பழக்கத்தில் இருக்கும் நிறங்களையும் காரணமில்லாமல் புரட்டிப்போடாதீர்கள். அமெரிக்க கேசினோக்களில் 5 சிவப்பு, 25 பச்சை, 100 கறுப்பு என்பது நெடுநாள் வழக்கம். அங்கே ஆடிப் பழகியவர்களுக்கும் ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் இது கையோடு வந்துவிட்டது. தனித்துவம் வேண்டும் என்று 5-ஐக் கறுப்பாகவும் 100-ஐச் சிவப்பாகவும் வைத்தால், யாராவது ஒருவர் ஐந்து என்று நினைத்து நூறைத் தள்ளுவது நிச்சயம். உங்கள் தனித்துவத்தைச் சிப்பின் நடுவில் காட்டுங்கள்.

எண்ணைப் பின்னுக்குத் தள்ளுவது

நடு ஸ்டிக்கரின் விட்டம் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் லோகோ, குழுவின் பெயர், தொடங்கிய ஆண்டு, ஒரு பொன்மொழி, நான்கு சீட்டுக் குறிகள் எல்லாவற்றையும் திணித்த பிறகு எண்ணுக்குக் கிடைப்பது ஒரு மூலை. இதில் நான் கறாரானவன்: எண்தான் முதலில் இடம்பிடிக்க வேண்டும், மிச்சத்தில் மற்றவை. பத்துப் பேர் அமரும் நீள்வட்ட மேசையின் நீளம் இரண்டரை மீட்டரை ஒட்டி வரும். அச்செடுத்த காகித வட்டத்தைச் சுவரில் ஒட்டி, அவ்வளவு தூரம் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். படிக்க முடியாத பொன்மொழியை நீக்குவதில் யாருக்கும் இழப்பில்லை.

சிப் எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் விழும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேலே ஒரே ஓர் இடத்தில் எண்ணை வைத்தால் பாதி நேரம் அது தலைகீழாகவோ பக்கவாட்டிலோதான் கிடக்கும். முகம் முழுக்க அச்சிடும் வகை என்றால் ஓரத்தை ஒட்டி மூன்று நான்கு இடங்களில் எண்ணைத் திரும்ப வையுங்கள். அலங்கார எழுத்துருக்களும் வேண்டாம். சுழித்த 1 தூரத்தில் 7 ஆகிவிடும். 100-ம் 1000-மும், 500-ம் 5000-மும் ஒரு சுழியில்தான் வேறுபடுகின்றன என்பதால், தொகுப்பிலேயே ஒன்றுக்கொன்று மிக விலகிய நிறங்களை இந்த ஜோடிகளுக்குக் கொடுங்கள்.

எண்ணே வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஒரு நாள் சிறிய தொகைக்கும் இன்னொரு நாள் பெரிய தொகைக்கும் ஆடுகிறவர்கள் எண் இல்லாத சிப்புகளை வைத்துக்கொண்டு, நிறத்துக்கு இன்ன மதிப்பு என்று அன்றன்று சொல்லிவிடலாம். போட்டிகளுக்கு மட்டும் எண் அவசியம் என்பேன். புதிதாக வரும் ஆட்டக்காரர் நிற அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டிருக்க முடியாது.

எல்லா நிறத்திலும் சரிபாதியாக வாங்குவது

அதிகச் செலவு வைப்பது இந்தத் தவறுதான். 500 சிப், ஐந்து நிறம், நிறத்துக்கு நூறு என்று ஆர்டர் செய்தால் பெட்டியில் அழகாக அடங்கும். ஆட்டத்தில் அது செல்லுபடியாகாது என்பதற்குக் கணக்குப் போட்டாலே போதும்.

பத்துப் பேர் ஆடும் போட்டியில் ஒவ்வொருவருக்கும் 10,000 புள்ளி கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான பங்கீடு: 25 மதிப்பில் 12, 100 மதிப்பில் 12, 500 மதிப்பில் 5, 1000 மதிப்பில் 6. கூட்டினால் 300, 1200, 2500, 6000, சரியாகப் பத்தாயிரம். பத்துப் பேருக்கு 25-இல் மட்டும் 120 சிப் வேண்டும். உங்களிடம் நூறுதான் இருக்கிறது. மறுபக்கம் 5000 மதிப்பில் நூறு சிப் கிடக்கிறது. மேசையில் ஓடும் மொத்த மதிப்பே ஒரு லட்சம். இருபது 5000 சிப்பில் அது முழுவதும் அடங்கிவிடும். மிச்சம் எண்பது சிப் பெட்டியைவிட்டு வெளியே வரப்போவதே இல்லை. அந்த எண்பதுக்கும் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

இதே போட்டிக்குத் தொடக்கத்தில் தேவைப்படுவது 120, 120, 50, 60. ஆக 350 சிப். பிளைண்டு (சீட்டு பார்க்கும் முன்பே ஒவ்வொரு கையிலும் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) உயர்ந்த பிறகு சின்ன மதிப்புகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றைக் கொடுக்க வேண்டும் அல்லவா? 25 சிப்புகள் மொத்தம் 3000. அவற்றுக்கு ஈடாக மூன்று 1000. 100 சிப்புகள் மொத்தம் 12,000. அவற்றுக்கு இன்னும் பன்னிரண்டு. ஆகவே 1000 மதிப்பில் 75 வைத்துக்கொண்டு, 5000 மதிப்பில் பதினைந்து சேர்த்தால் 380-இல் வேலை முடிகிறது. தோற்றவர் மீண்டும் உள்ளே வர அனுமதி உண்டென்றால் கூடுதலாகத் தேவைப்படுபவை பெரிய மதிப்புகள் மட்டுமே.

பணத்துக்கு ஆடும் ஆட்டத்தில் கணக்கு வேறு. பிளைண்டு 1, 2 என்றால் அதிகம் புழங்குவது 5 மதிப்புள்ள சிப். அதில்தான் கை நிறைய வேண்டும். 1 மதிப்பு பிளைண்டுக்கும் சில்லறைக்கும் மட்டும்.

மதிப்புகளுக்கு இடையே நான்கு அல்லது ஐந்து மடங்கு தாவல் சௌகரியம். 500-லிருந்து 1000 இரண்டே மடங்கு என்றாலும் போட்டிகளில் அது நிலைத்துவிட்டது. 25 இருக்கும்போது 50-ம், 5 இருக்கும்போது 10-ம் வைத்துக்கொள்வது மேசையில் நிறத்தைக் கூட்டுமே தவிர வேலையைக் குறைக்காது.

அச்சகத்தில் தெரியவரும் தவறுகள்

ஓரத்தை ஒட்டி மெல்லிய வட்டக் கோடு வரைவதைப் போல ஆபத்தான அலங்காரம் வேறில்லை. அச்சோ வெட்டோ அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கோடு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் காணாமலும் போகும். கோடில்லாத படத்தில் அதே பிசகு யார் கண்ணிலும் படாது. பின்னணி நிறம் வெட்டுக்கோட்டைத் தாண்டிச் சுற்றிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும்.

39 மில்லிமீட்டர் வட்டத்தை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அச்சிட, குறுக்காக ஏறத்தாழ 460 பிக்சல் தேவை. வாட்ஸப்பில் வந்த லோகோவைப் பெரிதாக்கி ஒட்டினால் மங்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பாக வரைந்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. திரை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) ஒளியில் காட்டும் மின்னும் பச்சையும் ஊதாவும் மையில் வராது. அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றிப் பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள். செராமிக் சிப்பில் சாயம் வெப்பத்தால் ஏற்றப்படுகிறது. அதில் வெள்ளை மை கிடையாது. வெள்ளையாகத் தெரிவது சிப்பின் சொந்த நிறமே.

கனமாக இருந்தால் உயர்ந்தது என்று நம்புவது

"கேசினோ தரம், 14 கிராம்" என்று விளம்பரம் செய்வார்கள். அமெரிக்க கேசினோக்களின் களிமண் கலவைச் சிப்புகள் பெரும்பாலும் எட்டரை முதல் பத்து கிராம் வரைதான். 14 கிராம் வருவது உள்ளே வைத்த உலோக வில்லையால். அது பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் 500 சிப் ஏழு கிலோ ஆகும், பெட்டி தனி. எடையைவிட வழுக்கலைப் பாருங்கள். இருபது சிப்பை அடுக்கி மேசையை லேசாகத் தட்டும்போது அடுக்கு சரிந்தால், உங்கள் வடிவமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆட்டக்காரர்கள் அதைச் சபிப்பார்கள்.

கேசினோவின் பெயரைப் போடுவது

இயங்கிக்கொண்டிருக்கும் கேசினோ ஒன்றின் பெயரையும் சின்னத்தையும் அப்படியே எடுத்துப் போடுவது வர்த்தகச் சின்னச் சிக்கல். நல்ல தயாரிப்பாளர்கள் அந்த ஆர்டரை ஏற்கவும் மாட்டார்கள். நேர்மாறான தவறும் உண்டு: கடையில் யாருக்கும் கிடைக்கும் சிப்பில் பெயரை மட்டும் ஒட்டிக்கொள்வது. அதைப் போலச் செய்து ஆட்டத்தில் கலப்பது எளிது. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரிலுள்ள போர்காட்டா கேசினோவில் ஒரு போட்டிக்குள் போலிச் சிப்புகள் நுழைந்து, போட்டி நிறுத்தப்பட்டு, பிறகு ரத்தே செய்யப்பட்டது. போலிகளைச் செய்தவர் மீதியை ஒரு ஹோட்டல் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட, குழாய் அடைத்துக்கொண்டு குட்டு உடைந்தது. நண்பர்கள் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள்தான். ஆனாலும் யாரும் எளிதில் வாங்க முடியாத ஏதாவது ஓர் அம்சம் உங்கள் சிப்பில் இருக்கட்டும்.

மாதிரி பார்க்காமல் ஆர்டர் செய்வது

திரையில் அனுப்பும் ஒப்புதல் படம் வேறு, கையில் வரும் சிப் வேறு. மதிப்புக்கு ஒன்று வீதம் மாதிரி செய்து தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். வந்த மாதிரியை நீங்கள் ஆடும் அதே மேசைத் துணியின் மேல், அதே விளக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். பச்சைத் துணியில் பச்சைச் சிப் எப்படி ஒளிந்துகொள்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

முதல் ஆர்டரிலேயே ஒவ்வொரு நிறத்திலும் ஐந்து முதல் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு காணாமல் போன நான்கு சிப்புக்காக மீண்டும் அணுகினால் குறைந்தபட்ச ஆர்டர் நூறு என்பார்கள். அதைச் செய்து கொடுத்தாலும் சாயத் தொகுதி மாறி நிறம் ஒரு சாயல் பிசகியிருக்கும். ஒரே அடுக்கில் இரண்டு வகைச் சிவப்பு இருந்தால், பழைய சிப் எது, புதிய சிப் எது என்பதை மேசையில் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.