முன்கூட்டியே ஓய்வுபெறுவோர் பார்க்க வேண்டிய திகதி

இலங்கையில் தனியார்துறையிலிருந்து முன்கூட்டியே ஓய்வுபெற எண்ணுவோர், விலகும் நாளைக் குறிக்கும் முன் நியமனக் கடிதத்தை எடுத்துச் சேர்ந்த திகதியைப் பார்த்து, நடப்புச் சேவை ஆண்டு நிறைவடைந்த பின்னரே விலகல் நடைமுறைக்கு வரும்படி கடிதம் எழுதுவது நல்லது.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும், இறுதியாகப் பெற்ற சம்பளத்தில் அரை மாதத் தொகை, விலகும்போது பணிக்கொடையாக வழங்கப்படுகிறது. எஞ்சிய மாதங்கள் கணக்கில் வருவதில்லை. நிலாவெளி விடுதியொன்றில் நவம்பர் 15இல் சேர்ந்து 80,000 ரூபாய் பெறுபவர், உல்லாசப் பயணப் பருவம் முடிந்த கையோடு (பலர் செய்வது இதைத்தான்) செப்டெம்பர் இறுதியில் விலகினால், ஆறு வாரப் பொறுமையின்மைக்காக 40,000 ரூபாயை இழக்கிறார். முழங்கால் வலியோ பேரப்பிள்ளையோ, காரணம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

ஐந்து ஆண்டுச் சேவை நிறைவடையாதோருக்கும் ஓய்வூதிய உரித்துள்ள அரச ஊழியருக்கும் இது பொருந்தாது. பதினைந்துக்கும் குறைந்த ஊழியர்களைக் கொண்ட கடைகளிலும் இதே கணக்கை அப்படியே எதிர்பார்க்க முடியாது. ஊழியர் சேமலாப நிதியோ வேறு கதை: விலகும் திகதி எதுவாயினும், பொதுவாக ஆண்கள் 55 வயதுவரையும் பெண்கள் 50 வயதுவரையும் அதற்காகக் காத்திருக்க வேண்டும்.