குமரி மாவட்டத்தில் தொழிலையும் முதலீட்டையும் வளர்ப்பது எப்படி: உள்ளூர்ச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

தம் ஊரில் தொழில் பெருக வேண்டும் என்று விரும்பும் வணிகர் சங்கத்தினருக்கும், உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும், வளைகுடாவிலிருந்து ஓரளவு சேமிப்போடு திரும்பி வந்திருப்பவர்களுக்கும் இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது. பெரிய ஆலை ஒன்று வந்து இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் நம்மிடையே பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,672 சதுர கிலோமீட்டர்தான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே வாழ்ந்தவர்கள் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஒரு பக்கம் மலையும் காடும், மறு பக்கம் கடலும், இடையில் வீடும் விளையும் குளமுமாகப் பின்னிக் கிடக்கும் இந்த மண்ணில் நூறு ஏக்கர் நிலத்தை ஒரே துண்டாகத் தேடுவது வீண் அலைச்சல். ஏற்கெனவே இங்கே விளைவதும் கரைக்கு வருவதும் மாவட்ட எல்லையைத் தாண்டும் முன் அதன்மேல் இன்னும் ஒரு கட்ட வேலை இங்கேயே நடக்கும்படி செய்வதுதான் நம்மால் ஆகக்கூடியது.

லாரியில் என்ன போகிறது?

முதல் வேலை கணக்கெடுப்பு. உங்கள் தாலுகாவிலிருந்து எந்தச் சரக்கு எந்த நிலையில் வெளியேறுகிறது, அதற்கு விலை சொல்பவர் யார், அடுத்த கட்ட வேலை எந்த ஊரில் நடக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரு நோட்டில் பதில் எழுதுங்கள். களியக்காவிளை வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்களிடமும், புக்கிங் அலுவலகங்களிலும், கிட்டங்கி வைத்திருக்கும் மொத்த வியாபாரிகளிடமும் ஒரு மாதம் பேசினால், எந்த ஆய்வறிக்கையிலும் கிடைக்காத படம் ஒன்று தெளிவாகும்.

ரப்பரை எடுத்துக்கொள்வோம். குலசேகரம், அருமனை பகுதிகளில் சிறு விவசாயி விடியற்காலையில் பால் வெட்டி, அமிலம் சேர்த்து உறைய வைத்து, உருளையில் பிழிந்து, ஷீட்டாக்கி உலர்த்துகிறார். ஒவ்வொரு வீட்டிலும் புகையும் வெயிலும் வேறு வேறாக இருப்பதால் ஷீட்டின் தரமும் வேறுபடுகிறது. ஆகவே மொத்தச் சரக்கும் கீழ்த்தரத்தின் விலைக்கே கைமாறுகிறது. விலையோ கோட்டயம் சந்தையைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது. 2011ஆம் ஆண்டில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியிருந்த விலை, அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே இறங்கியபோது பலர் பால் வெட்டாமலே மரத்தை விட்டுவிட்டார்கள். அந்த விலையை மாற்ற ஊர்ச் சங்கத்தால் முடியாது. ஆனால் இருபது விவசாயிகள் சேர்ந்து ஒரே புகைக்கூடத்தில் உலர்த்தி, தரம் பிரித்து விற்க முடியும். மரத்தின் கதையும் இப்படித்தான். வெட்டிய ரப்பர் மரத்துக்குச் சில நாட்களுக்குள் மருந்தூட்டாவிட்டால் பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும் என்பதால், அது அவசர அவசரமாகக் கேரளத்தின் பிளைவுட் ஆலைகளுக்கு ஏற்றப்படுகிறது. மருந்தூட்டி உலர்த்தும் வசதி பக்கத்திலேயே இருந்தால் அதே மரம் நாற்காலியாகவும் சன்னல் சட்டமாகவும் போகலாம்.

தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆழ்கடலில் பல வாரங்கள் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். அவர்களின் விசைப்படகுகளில் பெரும்பகுதி கொச்சித் துறைமுகத்தை இருப்பிடமாகக் கொண்டிருப்பதால் ஏலமும் பனிக்கட்டியும் டீசலும் வலை பழுதுபார்ப்பும் அங்கேயே நடந்து முடிகின்றன. உழைப்பு நம்முடையதாக இருந்தும், அதைச் சுற்றி வளரும் வியாபாரம் வேறு ஊருக்குச் சொந்தமாகிவிட்டது.

முந்திரியில் நிலைமை வேறு. பச்சைக் கொட்டை ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது; அதை உடைத்து, தோல் உரித்து, தரம் பிரிக்கும் திறமை மட்டும் நம் அண்டி ஆபீஸ்களில் (முந்திரி ஆலைகளில்) உட்கார்ந்திருக்கும் பெண்களின் விரல்களில் இருக்கிறது. கொட்டையின் உலக விலை ஏறும்போதெல்லாம் இங்கே வேலைநாட்கள் குறைகின்றன. வறுத்து, மசாலா சேர்த்து, சிறு பொட்டலமாக்கும் வேலையும் கூடவே நடந்தால் அந்த அடியின் வலி கொஞ்சம் குறையும்.

தொழில் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைத் தேர்ந்தெடுங்கள்

கணக்கெடுத்து முடித்ததும் பத்துத் திட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்கும் ஆசை வரும். அதைத் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே பலர் செய்துகொண்டிருக்கும் தொழிலில், தனியாக ஒருவரால் வாங்க முடியாததும் எல்லோருக்கும் தேவைப்படுவதுமான ஒரு வசதி எது என்று மட்டும் பாருங்கள்.

மார்த்தாண்டம் தேன் இதற்கு நல்ல உதாரணம். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராம மறுசீரமைப்பு முயற்சியில் பெட்டித் தேனீ வளர்ப்பு வேரூன்றியது. 1937இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் ஒன்று இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்த பிறகும் தொழில் மீண்டு வந்தது. இலையுதிர்ந்து ரப்பர் தளிர்க்கும் தை, மாசி மாதங்களில் இலைக்காம்பிலுள்ள சுரப்பிகளிலிருந்து தேனீக்கள் எடுக்கும் தேன்தான் இங்கே முக்கியம். அந்தத் தேனில் ஈரப்பதம் அதிகம். உணவுப் பாதுகாப்புத் தரப்படி ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் புளித்துப் பொங்கிவிடும். ஆகவே, பெட்டி வைத்திருக்கும் சிறியவர் வேறு வழியின்றி மொத்த வியாபாரியிடம் தகர டின்னில் கொடுத்துவிடுகிறார். ஈரம் குறைக்கும் இயந்திரம், ஆய்வகச் சோதனை, ஒரே மாதிரியான குப்பி, நம்பத்தகுந்த முத்திரை ஆகியவைதான் இங்கே விடுபட்ட கண்ணி. அவை ஒவ்வொரு பெட்டிக்காரருக்கும் தனித்தனியாகத் தேவையில்லை. ஒரு வட்டாரத்துக்கு ஒன்று போதும்.

இத்தகைய பொது வசதி மையங்களுக்கு மத்திய அரசின் குறு, சிறு தொழில் குழுமத் திட்டத்திலும், பாரம்பரியத் தொழில்களுக்கான ஸ்பூர்த்தி திட்டத்திலும் மானியம் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. பயன்பெறுவோர் சேர்ந்து ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இயந்திரம் வந்து, திறப்பு விழா முடிந்து, பிறகு பூட்டிக் கிடக்கும் மையங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் சம்பளம் வாங்கும் மேலாளர் ஒருவர் இல்லாததும், சரக்கு வாங்கிப் போட நடைமுறை மூலதனம் இல்லாததுமே அதற்குக் காரணம். மேலாளரை முதலில் தேடுங்கள். இயந்திரத்துக்கு அதன் பிறகு ஆர்டர் கொடுத்தால் போதும்.

புவிசார் குறியீட்டையும் இதே கண்ணால் பாருங்கள். கன்னியாகுமரி கிராம்பு 2021இலும், மட்டி வாழை 2023இலும், தோவாளை மாணிக்கமாலை 2025இலும் அந்தக் குறியீட்டைப் பெற்றன. பெற்றதைப் பற்றிச் செய்தி போட்டதோடு வேலை முடியவில்லை. விளைவிப்பவர்களும் மாலை கட்டுபவர்களும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியே பதிவு செய்துகொண்டால்தான் அந்த முத்திரையைச் சட்டப்படி பயன்படுத்த முடியும். ஒரு சனிக்கிழமை முகாம் நடத்தி ஐம்பது பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது சங்கத்தால் எளிதாக ஆகக்கூடிய காரியம்.

நிலம் வாங்கும் முன்

வெளியூரிலிருந்து வரும் முதலீட்டாளர் மனம் தளர்வது பெரும்பாலும் நிலத்தில்தான். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த மாவட்டம் இது என்பதால், பழைய ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும். பத்திரத்தில் பழைய சர்வே எண் ஒன்றும் மறு சர்வே எண் வேறொன்றுமாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லத் தெரிந்த ஆவண எழுத்தர் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் சங்கம் முன்கூட்டியே அடையாளம் கண்டு வைத்திருப்பது நல்லது. மேற்கு மலையடிவாரத்தில் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட நிலமா, மலைப் பகுதிப் பாதுகாப்புக்கான கட்டுப்பாடு அந்தக் கிராமத்துக்கு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். கடற்கரையில் கடலோர ஒழுங்குமுறை மண்டல எல்லை இருக்கிறது. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022 முதல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ளவை. அவற்றின் அருகே கட்டடம் எழுப்பும் யோசனையை ஆரம்பத்திலேயே விட்டுவிடுவது அனைவருக்கும் நல்லது.

வயலை மண்ணடித்து மேடாக்கி விற்பதை முதலீடு என்று சிலர் சொல்கிறார்கள். அது வெறும் நில வியாபாரம்.

கட்டப்பட்ட கூடமாகத் தேடுவோர் நாகர்கோவில் கோணத்தில் உள்ள தொழிற்பேட்டையில் விசாரிக்கலாம். மூடிக்கிடக்கும் அண்டி ஆபீஸ்களையும் ஓட்டுக் கூரைக் கிட்டங்கிகளையும் பட்டியலிட்டு, சொந்தக்காரரின் சம்மதத்தோடு வாடகை விவரங்களைத் தொகுத்து வைப்பது இதைவிடப் பயனுள்ளது. மின் இணைப்பும் சாலையும் ஏற்கெனவே உள்ள கூடத்தில் வேலையைச் சில மாதங்களில் தொடங்கிவிடலாம். ஆனால் சுற்றிலும் வீடுகள் இருக்கும் என்பதால் புகை, நாற்றம், இரவுச் சத்தம் மூன்றையும் கணக்கில் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசு குறைந்தவை என்று வகுத்துள்ள வெள்ளை அல்லது பச்சை வகைக்குள் அடங்கும் தொழிலாகத் தேர்ந்தெடுப்பது வம்பைத் தவிர்க்கும்.

பணம் எங்கே இருக்கிறது?

இந்த மாவட்டத்தில் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வைப்புத்தொகையாகவும், நகையாகவும், ஆளில்லாத இரண்டு மாடி வீடுகளாகவும் அது தூங்குகிறது. மாவட்டத்தின் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியிடம், வைப்புத்தொகையில் எவ்வளவு கடனாகப் போகிறது என்று காட்டும் கடன், வைப்பு விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கூடவே அந்தக் கடனில் நகைக்கடன் எவ்வளவு, தொழில்கடன் எவ்வளவு என்றும் கேளுங்கள். விகிதம் நன்றாகத் தோன்றினாலும் அதில் பெரும்பகுதி நகைக்கடனாக இருந்தால் தொழிலுக்குப் பணம் போகவில்லை என்று பொருள்.

புதிதாகத் தொழில் தொடங்குபவரை மாவட்டத் தொழில் மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான ‘நீட்ஸ்’ திட்டத்தில் 10 லட்சம் முதல் 5 கோடி ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 25 விழுக்காடு மானியம், அதிகபட்சம் 75 லட்சம் வரை கிடைக்கும்; வட்டியில் 3 விழுக்காடு சலுகையும் உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 2023இல் தொடங்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும் நாளில் உள்ளதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு ஆயிரம் ரூபாய் கேட்கும் இடைத்தரகரை ஒதுக்குங்கள். அந்தப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் வட்டியோடு வசூலிக்க வசதியாக்கல் மன்றத்தை அணுகலாம். சிறு தொழில்களை மூடவைப்பது நட்டத்தைக் காட்டிலும் நிலுவைதான் என்பது என் அனுபவம்.

வளைகுடா சேமிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சங்கத்தின் பெயரில் ஊராரிடம் வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டாதீர்கள். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அது குற்றம். பணம் போடுபவரைப் பங்குதாரராகவே சேர்த்து, பத்திரம் எழுதி, கணக்கைத் தணிக்கை செய்யுங்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியர், பணத்தைத் திருப்பி வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லாத அடிப்படையில், கூட்டாண்மை நிறுவனத்தில் முதலீடு செய்யலாம். ஆனால் விவசாயம், தோட்டம், நில வணிகம் ஆகியவற்றில் ஈடுபடும் நிறுவனத்தில் அப்படிச் செய்ய முடியாது. அதாவது, துபாயில் இருக்கும் மச்சானை ரப்பர் தோட்டக் கூட்டில் சேர்க்க இயலாது. ரப்பர் கையுறை செய்யும் கூட்டில் சேர்க்கலாம்.

கரையோர மக்களின் சம்மதம்

இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகத்துக்கு 2016இல் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. மீனவர் எதிர்ப்பால் அது நகராமல் நின்று, பின்னர் கோவளம், மணக்குடி பக்கம் மாற்றப்பட்டபோது அங்கேயும் எதிர்ப்பு எழுந்தது. கிள்ளியூர் பகுதியின் கனிம மணல் திட்டத்துக்கும் இதே வரவேற்புதான். மக்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்று இதைப் படிப்பது தவறான வாசிப்பு. தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து படகுகள் கவிழ்ந்ததையும், 2017 ஒக்கி புயலில் உறவுகள் திரும்பாததையும் கண்ட மக்கள், கட்டுமானம் எதுவானாலும் ‘எங்கள் வள்ளம் எந்த வழியாகக் கரையேறும்’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வரைபடத்தோடு பதில் வைத்துக்கொண்டு, தேவாலயப் பங்குப்பேரவையிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் நேரடியாக உட்கார்ந்து பேசிய பிறகே விண்ணப்பம் போட வேண்டும்.

எல்லைக்கு அப்பால், கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கிவிட்டது. அதைக் காட்டி மனை விற்பவர்களை நம்ப வேண்டாம்; பெட்டகங்கள் பெரும்பாலும் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறும் துறைமுகம் அது. சாலைவழிச் சரக்கு பெருகும்போது குளிர்பதனக் கிடங்கு, லாரி நிறுத்துமிடம், பெட்டகப் பழுதுபார்ப்பு, கப்பலுக்கான காய்கறி, மீன் வழங்கல் போன்றவற்றில் விளவங்கோடு பகுதிக்கு வேலை வரக்கூடும். பொறியியல், டிப்ளமோ படித்த பிள்ளைகள் நிறைந்த மாவட்டத்தில் அவற்றுக்கான பயிற்சியை இப்போதே தொடங்கலாம்.

சுற்றுலாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் இறுதியில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு கூட்டம் வருகிறது. சூரிய உதயம் பார்த்துவிட்டுப் போகிறது. மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு ஆகியவற்றைச் சேர்த்து இன்னும் ஓர் இரவு தங்கவைக்கும் சுற்று ஒன்றை வாகன ஓட்டுநர்களோடும் விடுதிக்காரர்களோடும் சேர்ந்து வகுத்தாலே போதும்.

இருப்பவரை விட்டுவிடாதீர்கள்

புதியவரைத் தேடி அலையும் நேரத்தில், பத்து ஆண்டுகளாக இருபது பேருக்கு வேலை கொடுத்துவரும் பழைய நிறுவனத்தின் கதவை யாரும் தட்டுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் தாலுகாவில் உள்ள ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நேரில் சென்று, மின்னழுத்தம் சரியாக இருக்கிறதா, நிலுவை எவ்வளவு, எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, அடுத்த ஆண்டு விரிவாக்கும் எண்ணம் உண்டா என்ற நான்கையும் கேட்டு அதே நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை மாவட்ட ஆட்சியரின் தொழில் குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது, பொதுவான கோரிக்கை மனுவுக்குப் பதிலாக, எந்தத் தெருவில் எந்த மின்மாற்றி போதவில்லை என்று அந்த நோட்டைப் பார்த்தே சொல்லலாம்.