போர்வெல் நீரை அளந்து கோடைப் பயிரைத் தீர்மானிக்கும் முறை

பாலக்காட்டின் கிழக்கு விளிம்பில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி வட்டாரத்துச் சிறு விவசாயக் குடும்பங்கள் பலவற்றைக் கடனில் ஆழ்த்தியது, நீர் வற்றியதும் அடுத்தடுத்து இறக்கிய போர்வெல்தான். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி, எல்லையிலுள்ள மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) நீர் கேரளத்துக்கு உரியது என்றாலும், மேட்டுக்காடுகள் பலவற்றுக்குக் கால்வாய் எட்டுவதில்லை. எனவே இன்னொரு குழி போடும் முன், இருக்கும் நீரை அளந்துவிடுங்கள்.

மார்ச் மாதத்தில் அளப்பதே சரி. மழைக்காலத்து அளவை நம்பி நட்டால் பூக்கும் பருவத்தில் பயிர் வாடும். மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நீர்மட்டம் இறங்கிய பிறகு, 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 100 விநாடி என்றால் மணிக்கு 7,200 லிட்டர். தடையின்றி ஆறு மணி நேரம் ஓடினால் 43,200 லிட்டர். இடையில் காற்று கலந்து வந்தால், அதுவரை ஓடிய நேரத்தை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். அதிலும் ஏப்ரல், மே மாதங்களில் நீர் குறையும் என்று கால் பங்கைக் கழித்துவிட்டால் நாளொன்றுக்குக் கையில் நிற்பது 32,400 லிட்டர்.

கோடைக் காய்கறிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர், அதாவது ஏக்கருக்குச் சுமார் 20,000 லிட்டர் தேவை. வாய்க்காலில் பாய்ச்சினால் பாதி வீணாகும் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஏக்கர்கூடத் தேறாது. சொட்டுநீரில் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் தாங்கும். தென்னை வேறு கணக்கு: மரத்துக்கு 60 லிட்டர் விட்டாலும் ஏக்கருக்கு 70 மரங்களுக்கு 4,200 லிட்டரே ஆகும். அதனால் நிலம் முழுவதும் காய்கறி நடாமல், நீர் தாங்கும் பரப்பில் மட்டும் நட்டு, மிச்சத்தைத் தென்னைக்கோ மானாவாரிக்கோ விடுவதே கடனைத் தவிர்க்கும் வழி என்பது என் உறுதியான கருத்து.

சொட்டுநீர் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு மத்திய அரசின் நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தில் 55 சதவீத மானியம் உண்டு. அது கடைக்காரர் போடும் பில்லுக்கு அல்லாமல், அரசு நிர்ணயித்த அலகுச் செலவுக்கே கணக்கிடப்படும். முதலில் கிருஷி பவனில் (கேரள அரசின் உள்ளூர் வேளாண் அலுவலகம்) விண்ணப்பித்து, ஒப்புதல் கிடைத்த பிறகே குழாய் வாங்குங்கள்.

உப்புத்தன்மையுள்ள போர்வெல் நீர் சொட்டுவாய்களை அடைத்துவிடும். வடிகட்டியை அடிக்கடி கழுவி, பக்கக் குழாய்களின் நுனியைத் திறந்து அழுக்கை வெளியேற்ற வேண்டும். பாத்திகளில் தென்னை மட்டை மூடாக்கு இட்டால் ஈரம் கூடுதல் நேரம் நிற்கும்.